வாசகர் கேள்விகள்: கணக்குப் பார்த்த குமரப்பா

சென்ற இதழில் கதர் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, காந்தியோடு உழைத்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்திருப்பதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். கூட்டுறவுத் தணிக்கைத் துறையிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். குமரப்பாவை என் தொழிலில் மூத்தவராகத்தான் முதலில் பார்க்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

ஐயா, நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் மகலனோபிஸ் வருகிறார், அமர்த்தியா சென் வருகிறார். குமரப்பா வரவில்லை. வகுப்பில் கேட்டதற்கு, ‘அவர் காந்தியவாதி, பொருளாதார அறிஞர் கணக்கில் வரமாட்டார்’ என்றார்கள். எது சரி?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

மகளே, முதலில் படிப்பைப் பார்ப்போம். 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைப் பிற்பாடு எடுத்துக்கொண்டார். அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி. மகன் லண்டன் போய்க் கணக்காளர் படிப்பு முடித்து, பம்பாய் திரும்பி, தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டும் சூட்டுமாக வசதியான வாழ்க்கை. 1927-இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே அவருக்கு ஆசிரியர் எட்வின் செலிக்மன். வரிவிதிப்பு ஆய்வில் அன்றைக்கு உலகமே மதித்த பெயர் அது.

இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று குமரப்பா அங்கே ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த செலிக்மன், இதையே ஆய்வாக எடுத்துக்கொள் என்றார். குமரப்பா பிரிட்டிஷ் இந்திய அரசின் வரவுசெலவைப் பிரித்துப் போட்டார். எங்கள் ஆள் ஒருவர் ஒரு சங்கத்தின் பேரேட்டைத் திறந்தால் என்ன கேட்பாரோ அதையேதான் கேட்டார்: பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்காகப் போனது? நிலவரி கட்டிய குடியானவனின் காசு ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் நிர்வாகச் சம்பளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் விவசாயத்துக்கும் மிச்சம் மீதிதான். வறுமைக்கு வானத்தையும் சோம்பலையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், காரணம் வரவுசெலவிலேயே இருக்கிறது என்று ஒரு தஞ்சாவூர்க்காரர் கொலம்பியாவில் உட்கார்ந்து எழுதினார்.

அந்த ஆய்வை அச்சில் கொண்டுவருவது பற்றித்தான் 1929 மே மாதம் சபர்மதிக்குப் போய் காந்தியைப் பார்த்தார். மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார். ராட்டையை அதற்குமுன் பார்த்திராத குமரப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவர்தான் காந்தி என்று. இஸ்திரி போட்ட சூட்டோடு சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார். ஆய்வு காந்தியின் ‘யங் இந்தியா’ வார இதழில் தொடராக வந்தது. காந்தி அவரை குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், ஒரு குடும்பம் என்ன விளைக்கிறது, என்ன செலவு, நிலவரி போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதி வாங்கினார்கள். நாட்டின் வரவுசெலவில் பார்த்ததைக் குடும்பத்தின் வரவுசெலவில் சரிபார்த்தார் குமரப்பா. இது பொருளாதாரம் இல்லையென்றால் வேறு எது பொருளாதாரம்?

1931-இல் கராச்சி காங்கிரசுக்குப் பின், இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய ஒரு குழு போட்டார்கள். அதன் அமைப்பாளர் குமரப்பா. நம் பொதுக்கடன் என்று எழுதிவைத்திருந்ததை ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டது அந்தக் குழு. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு நம் தலையில். ஆப்கானிஸ்தானில், பர்மாவில் நடந்த போர்ச் செலவு நம் தலையில். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரத்தையே நிறுத்திய பிறகும் அதன் பங்குதாரர்களுக்கு 1874 வரை வருஷத்துக்குப் பத்தரை சதவீதம் லாப ஈவு. அதுவும் இந்திய வருமானத்திலிருந்து. நம்மை அடக்கிய செலவை நாமே கடனாக வாங்கி, வட்டியும் நாமே கட்டினோம். எந்தத் தணிக்கையாளர் இதை ஏற்றுக் கையெழுத்துப் போடுவார்?

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதைதான். இங்கிருந்து நெல்லும் துணியும் போர்ச் சாமான்களும் எடுத்துக்கொண்டார்கள். விலையை லண்டனில் வரவு எழுதிவைத்துவிட்டு, அதைக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். விலைவாசி ஏறி, அடித்தட்டு மக்கள் சோற்றுக்குத் திண்டாடினார்கள். போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியது நூறு கோடி பவுனுக்கு மேல். அந்தக் கடனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அங்கே பேச்சு கிளம்பியதும், குமரப்பா ‘கிளைவ் முதல் கீன்ஸ் வரை’ என்று ஒரு சிறு நூல் எழுதினார். கிளைவ் இங்கே கம்பெனி ஆட்சிக்கு அடித்தளம் போட்டவர், கீன்ஸ் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர். இருநூறு வருஷக் கணக்கைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்.

பீகார் பூகம்ப நிவாரண நிதியிலிருந்து காந்திக்கே செலவு தர மறுத்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, கட்டுக்கதையா?
– ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், திருமங்கலம்

உண்மைதான் அண்ணே. குமரப்பாவோடு பழகியவர்கள் சொல்லி வந்த செய்தி இது.

1934 ஜனவரி 15 அன்று வடபீகாரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. முசாபர்பூரும் முங்கேரும் இடிபாடாகிவிட்டன. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது, நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்து கொட்டியது. இப்படிப் பணம் வரும் இடத்தில்தான் கணக்கு முதலில் சீரழியும். அதைக் கட்டிக்காக்க பாட்னாவுக்குக் குமரப்பாவை அழைத்தார்கள்.

தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு மூன்று அணா என்று விதி போட்டார். மூன்று அணா என்றால் ரூபாயில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் காந்தி தம் ஆட்களோடு குழுக் கூட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பழமும் ஆட்டுப்பாலும் வேண்டும், கூட வந்தவர்களுக்கு வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். குமரப்பா நேரே போய்ச் சொல்லிவிட்டார்: விதிக்கு மேல் இந்த நிதியிலிருந்து கொடுப்பதற்கில்லை, உங்கள் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி தட்டாமல் ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் சொல்வார்கள். கணக்கு முடிக்கும் வேலையில் மூழ்கியிருந்த நேரத்தில் காந்தி பார்க்க விரும்பியபோது, முன்கூட்டிச் சொல்லாததால் இப்போது நேரமில்லை என்று அவரையே திருப்பி அனுப்பினாராம்.

இதைப் பலர் குமரப்பாவின் கறாருக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் வேலையில் இருந்தபோது ஒரு வெள்ள நிவாரணக் கணக்கைத் தணிக்கை செய்ய நேர்ந்தது. பாய், போர்வை, அரிசி என்று தலைப்பு இருக்கும். உள்ளே வவுச்சரைப் புரட்டினால், பார்வையிட வந்தவர்களின் மதியச் சாப்பாடு, பந்தல், மாலை, சால்வை. தொகை சின்னதுதான். ஆனால் அந்தச் சால்வைக்கான காசை உண்டியலில் போட்டவர் யாரோ ஒரு பீடி சுற்றும் பெண்ணாக இருக்கலாம். ஆட்சேபணை எழுதி மேலே அனுப்பினேன். ‘இதையெல்லாமா பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். பார்க்கத்தான் வேண்டும். காந்தியின் ஆட்டுப்பாலையே பார்த்த ஒருவர் எங்களுக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

ஐயா, நான் சிறிய அளவில் இயந்திரப் பாகங்கள் தயாரிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். குமரப்பா இயந்திரமே வேண்டாம் என்றவர் என்கிறார்கள். இந்தக் காலத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, நீங்கள் கோயம்புத்தூர்க்காரர். உங்களிடம் மேம்போக்காகப் பேச முடியாது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1934 கடைசியில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. காந்தியின் வழிகாட்டுதலில் நடந்த அதற்குக் குமரப்பா செயலாளர். தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டமும் வீடும்தான் இடம். காந்தியின் உறவினர் மகன்லால் நினைவாக மகன்வாடி என்று பெயர். அங்கே நடந்ததில் பாதி இயந்திர ஆராய்ச்சி என்றால் நம்புவீர்களா? செக்கின் உரலையும் உலக்கையையும் மாற்றி அமைத்து, அதே மாடு கூடுதல் எண்ணெய் ஆட்டும்படி செய்தார்கள். ஜாவேர்பாய் படேல் உழைப்பில் வந்த அது ‘வார்தா செக்கு’ என்று பேர் வாங்கியது. காகிதம், தேனீ, சோப்பு, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றிலும் சோதனை. மண்ணெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கையும் செய்தார்கள். ஏன் இந்த விளக்கு? மண்ணெண்ணெய்க்குக் கொடுக்கும் காசு அன்றைக்கே ஊரைவிட்டு, நாட்டைவிட்டுப் போய்விடும். ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குக் கொடுத்தால் வாணியரிடம் போய், எள் விளைத்தவரிடம் போய், ஊருக்குள்ளேயே சுற்றும்.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை அரிசி மலிவு என்று எல்லோரும் சொன்னார்கள். குமரப்பா கணக்கை மறுபடி எழுதச் சொன்னார். கைக்குத்தலில் தவிட்டோடு நிற்கும் பி வைட்டமின், ஆலையில் வெள்ளையாகத் தீட்டும்போது போய்விடுகிறது. அது இல்லாமல் வரும் பெரிபெரி நோய் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் (இன்றைய கடலோர ஆந்திரம்) தீராத தொல்லையாக இருந்தது. நம் பக்கம் புழுங்கலரிசி சாப்பிட்டதால் தப்பித்தோம். நெல்லை அவிக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். இது ஒரு செலவு. நெல் குத்திக் கூலியாக அரிசி வாங்கிய பெண்களுக்கு வேலை போனது இரண்டாவது செலவு. தவிடும் உமியும் ஊர் மாட்டுக்குக் கிடைக்காமல் ஆலையோடு போனது இன்னொன்று. ஆலைக்காரரின் புத்தகத்தில் இவை எதுவும் இல்லை, ஆகவே அரிசி மலிவு. நோயும் வேலையின்மையும் ஏழை வீட்டுக் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டில் புத்தகம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

பனையும் அப்படித்தான். கரும்புக்கு நல்ல நன்செய் வேண்டும், வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். பனை தேரிக்காட்டிலும் வரப்பிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டால் அந்த நன்செயில் நெல் போடலாமே என்றார். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ அவர் ஜபல்பூர் சிறையில் எழுதியது. முன்னுரை எழுதிய காந்தி அவரை நம் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று குறிப்பிட்டார். அந்த நூலில் இயற்கையிலிருந்து வரிசையாக உதாரணம் தருகிறார். ஆட்டை அடித்துத் தின்னும் புலி. பிறர் வைத்த மாந்தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு. தேன் எடுக்கும்போதே பூவைக் காய்க்கவைக்கும் தேனீ. அதே தேனீ கூட்டுக்காகச் சேர்த்துவைப்பது. கடைசியாக, எதையும் திரும்ப எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. ஒரு தொழிலைப் பார்த்தால் அது இவற்றில் எந்த வகை என்று கேட்கச் சொல்கிறார். நிலக்கரியும் பெட்ரோலும் தேங்கி நிற்கும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அதற்காகச் சண்டை வரும். மரமும் பயிரும் கால்நடையும் ஓடிக்கொண்டே இருக்கும் வரவு. இருப்பைத் தின்று வாழ்கிறவன் வரவில் வாழ்வதாக நினைத்துக்கொள்வது கணக்குப் பிழை. இன்றைக்குப் பருவநிலை மாநாடுகளில் பேசுவதை அவர் சிறைக் கொட்டடியில் எழுதினார். பிற்பாடு பொருளாதார அறிஞர் சூமாக்கர் தம் நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய எல்லா முடிவுகளுக்கும் நான் தலையாட்டவில்லை. நெல் குத்துவது முதுகை ஒடிக்கும் வேலை. உரலிலிருந்து விடுபட்ட ஒரு பெண்ணை மறுபடி உலக்கையைப் பிடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் காலத்தில் கைக்குத்தல் வேண்டும் என்று சொன்னவர்கள் பலர் ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் கேள்வியை நான் விடமாட்டேன். நீங்கள் உங்கள் பட்டறையில் ஒரு புது இயந்திரம் இறக்கும்போது, ஒரு உருப்படிக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பீர்கள், சரி. கழிவு எண்ணெய் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, நொய்யல் கரையில் யார் கிணறு கெடுகிறது என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். குமரப்பா உங்களிடம் கேட்டிருப்பது அதைத்தான்.

குமரப்பா கிறிஸ்தவர்தானே? காந்தியோடு சேர்ந்ததில் அவருடைய சபைக்கு வருத்தம் இல்லையா?
– வாசகி, நாகர்கோவில்

கடைசிவரை கிறிஸ்தவர்தான். இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றிச் சிறையிலிருந்தே ஒரு நூல் எழுதினார். 1930-இல் சத்தியாக்கிரகிகளைப் போலீஸ் அடித்தபோது, கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதி, சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று நேராகவே கேட்டார். விசுவாசம் அவரை ராஜ்ஜியத்துக்கு எதிராக நிறுத்தியது. சபையின் வருத்தத்தை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை அம்மா.

நிலச் சீர்திருத்தத்தில் அவருக்குப் பங்கு உண்டா? எங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அதனால் கேட்கிறேன்.
– வாசகர், மன்னார்குடி

உண்டு, பெரிய பங்கு. சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அறிக்கை 1949-இல் வந்தது. அரசுக்கும் உழவனுக்கும் நடுவே யாரும் இருக்கக் கூடாது. தம் நிலத்தைக் குத்தகைக்கு விடும் அனுமதி விதவைகள், சிறுவர்கள், உடல் ஊனமுற்றோர் போன்றவர்களுக்கு மட்டும். ஆறு வருஷம் தொடர்ந்து பயிர்வைத்தவருக்கு நிலத்தில் உரிமை. ஒரு குடும்பம் கண்ணியமாகப் பிழைக்கத் தேவையான நிலம் எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஒருவர் கையில் வேண்டாம். இவையெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கின்றன.

நடந்தது உங்களுக்கே தெரியும். தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961-இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-இல் பதினைந்து. அதற்குள் நிலம் உறவினர் பெயருக்கும் அறக்கட்டளைப் பெயருக்கும் மாறிவிட்டது. அறிக்கை வந்த கையோடு செய்திருந்தால் உங்கள் தாத்தா பட்டா வாங்கியிருக்கக்கூடும். இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

நேருவோடு அவருக்கு ஏன் ஒத்துப்போகவில்லை? கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார்?
– ஆசிரியை, ராஜபாளையம்

1938-இல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவுக்கு நேரு தலைவர். கிராமத் தொழில் சங்கத்தின் சார்பில் குமரப்பா உறுப்பினர். பெருந்தொழிலை மையமாக வைத்தே பேச்சு போவதைப் பார்த்ததும் விலகினார். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி குறையவில்லை. இருவருமே நேர்மையானவர்கள். ஆனால் அணைக்கும் உருக்காலைக்கும் ஆகும் செலவை எந்த ஊர் தாங்கப்போகிறது என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர் டெல்லியில் தேவைப்பட்டார். அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

வார்தாவை ஒட்டிய சேல்டோவில் கொஞ்சகாலம் பண்ணை ஆசிரமம் நடத்தினார். உடம்பு இடம் கொடுக்கவில்லை, ரத்தக் கொதிப்பு. பிறகு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார் டீச்சர். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரும் வழியில் டி. கல்லுப்பட்டி, அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம். அவர் அறையில் ஒரு ஏழைக் குடியானவனின் படம் இருந்தது. யார் என்று கேட்டவரிடம், காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் ஆஸ்பத்திரியில் காலமானார். காந்தி மறைந்த அதே தேதி.

பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும்போது கல்லுப்பட்டியையும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். பேருந்து நேராகவே போகிறது.

எந்த நூலில் தொடங்கலாம்?
– பலர் கேட்டது

‘கிராம இயக்கம் ஏன்?’ என்ற 1936-ஆம் வருஷத்து நூலில் தொடங்குங்கள், எளிமையானது. அப்புறம் ‘நிலைத்த பொருளாதாரம்’. வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் மட்டும் 1931 கடன் குழு அறிக்கையைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். முதல் கேள்வி கேட்ட திண்டுக்கல் மகளுக்குக் கொலம்பியா ஆய்வு: ‘பொது நிதியும் நம் வறுமையும்’. நூலகத்தில் கிடைத்தால் வகுப்புக்கு எடுத்துப்போய் உன் ஆசிரியரிடமும் கொடு.